‘வேணாம்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஆட்டிசம். வாயால் பேசுவதில்லை, எப்போதாவது “ம்மா” என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். நான்கு வருடமாகப் போனில் ஒரு ஆப் வழியாகத்தான் எங்களோடு பேசுகிறான், படம் போட்ட சொல் பட்டனை அவன் அழுத்தினால் போன் அதைச் சத்தமாகச் சொல்லும். தெரபிக்குப் போகும் இடத்தில் பழக்கமான அம்மாக்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அடிக்கடி கூப்பிட்டு “எந்த ஆப் போடலாம், நீங்களே சொல்லுங்களேன்” என்று கேட்கிறார்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைக்க மனசு வருவதில்லை. அதனால் நாங்கள் பட்டதை எல்லாம் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பாட்டி அறை விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் மாமியாரின் அறைக்குள் அவன் காலே வைக்க மாட்டான். மூன்று வயதிலிருந்தே அப்படி. தூக்கிக்கொண்டு போனால் கையைக் கடித்துக்கொள்வான், கடித்துக் கடித்து வலது கை மணிக்கட்டுக்கு மேலே தோல் தடித்துப் போயிருந்தது. அத்தை எதுவும் சொல்ல மாட்டார், அவன் அழுதால் தானே எழுந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். ஆப் போட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அந்த அறை வாசலில் நின்றுகொண்டு ‘நிறுத்து’ என்ற பட்டனை அழுத்தினான். மறுபடி ‘நிறுத்து’. எதை என்று எங்களுக்குத் தெரியவில்லை. டிவியை நிறுத்தினோம், மிக்ஸியை நிறுத்தினோம். அவன் ‘வீடு’ என்ற பக்கத்தைத் திறந்து, மெதுவாக விரலால் தேடி, ‘ஃபேன்’ என்பதை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பழைய ஃபேன், சுற்றும்போது டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். எங்களுக்குப் பழகிவிட்டது. ஃபேனை நிறுத்தினேன். உள்ளே போய்ப் பாட்டி கட்டிலில் ஏறி உட்கார்ந்தான்.

அத்தை அவனைப் பிடித்துக்கொண்டு, “என்னயத்தான் புள்ளைக்கு ஆகலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்மா” என்று அழுதார். இரண்டு வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். மறுநாளே ஃபேனை மாற்றினோம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, “தண்ணி, சாப்பாடு, பாத்ரூம் இதெல்லாம் கேக்குமா?” என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தண்ணீர் வேண்டும் என்றால் அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான், அதற்கு ஆப்பே தேவையில்லை. அவனுக்கு வழியே இல்லாமல் இருந்தது, நாங்கள் கேட்காத ஒன்றைச் சொல்வதற்குத்தான். வேண்டாம், நிறுத்து, பிடிக்கவில்லை, வலிக்கிறது, போதும் என்பவற்றைச் சொல்ல முடியாததால்தான் கையைக் கடித்தான். எனவே ஒரு ஆப்பைத் திறந்ததும் எத்தனை பழம் படம் இருக்கிறது, எத்தனை மிருகம் படம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். முதல் பக்கத்தில் ‘வேணாம்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரம்பத்தில் எங்களுக்கு ஆப்பே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அப்போது போய்க்கொண்டிருந்த இடத்தில், போனைக் கொடுத்தால் பேச முயற்சியே பண்ண மாட்டான், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு வருடம் போனது போனதுதான், திரும்ப வராது. பிறகுதான் தேடிப் படித்தேன். மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல், படம், கருவி, சைகை போன்ற மாற்று வழிகளைக் கொடுத்த பிறகு பேச்சு என்ன ஆனது என்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். நம்பத்தகுந்த விவரம் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. என் மகனுக்குப் பேச்சு வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஆப்பால் அவன் எதையும் இழக்கவில்லை. “முதலில் படத்தை அடையாளம் காட்டட்டும், உட்காரப் பழகட்டும், அப்புறம் ஆப் கொடுக்கலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பேசும் குழந்தைக்கு நாம் எந்தத் தகுதித் தேர்வும் வைப்பதில்லை.

சரி, ஆப்புக்கு வருகிறேன்.

நான் முதலில் இறக்கிய ஆப் ஒன்றில் மொழி என்ற இடத்தில் தமிழ் இருந்தது, சந்தோஷமாகப் போட்டேன். ‘நான்’, ‘வேண்டும்’, ‘தண்ணீர்’ என்று வரிசையாக இருந்தது. மூன்றையும் அழுத்தினால் “நான் வேண்டும் தண்ணீர்” என்று ஒரு குரல் சொன்னது. அத்தை அடுப்படியிலிருந்து “யாரு பேசுறது?” என்றார். எங்கள் வீட்டில் யாருமே அப்படிப் பேசுவதில்லை, எந்தத் தமிழ் வீட்டிலும் பேச மாட்டார்கள். ஆங்கிலத்துக்காகச் செய்த பட்டன் பலகையில் சொல்லை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நமக்கு ‘எனக்கு’ தான் முக்கியமான சொல். எனக்கு வேணும், எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்கல, எனக்கு வலிக்குது. ஒரு குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லும் பாதி விஷயம் ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். முதல் பக்கத்தில் ‘நான்’ மட்டும் இருந்து ‘எனக்கு’ இல்லை என்றால், அந்தப் பக்கத்தை நீங்களே மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்த ஆப் வேண்டாம்.

அடுத்தது மறுப்புச் சொற்கள். ஆங்கிலத்தில் ‘நோ’ என்ற ஒரே சொல் பெரும்பாலான இடத்தில் ஓடிவிடும். தமிழில் அப்படி இல்லை. பால் வேணாம். இது என் சட்டை இல்ல. நான் வரமாட்டேன். என்னால முடியல. அடிக்கக் கூடாது. எல்லாமே ‘நோ’ தான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. நான் ஆரம்பத்தில் ‘இல்லை’ ஒன்றுதான் வைத்திருந்தேன். “ஸ்கூல் பேக் எடுத்துட்டு வா” என்றால் ‘இல்லை’ என்பான். பேக் அங்கே இல்லையா, எடுக்க மாட்டேன் என்கிறானா, எடுக்க முடியவில்லையா? மூன்றுக்கும் நான் செய்ய வேண்டியது வேறு வேறு. ஒரு நாள் அவன் ‘இல்லை’ ‘இல்லை’ என்று அழுத்திக்கொண்டே இருக்க, அடம் என்று நினைத்துச் சத்தம் போட்டுவிட்டேன். ஜிப் மாட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரியே ‘வேணாம்’, ‘இல்ல’, ‘முடியல’ மூன்றையும் தனித்தனிப் பட்டனாகப் போட்டேன். ‘மாட்டேன்’ மட்டும் போடவில்லை. அந்தக் கதை கடைசியில்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சுத் தமிழ்தான். நம் குழந்தை காதில் தினமும் விழுவது ‘வேணும்’. ‘வேண்டும்’ அவனுக்குப் பாடப் புத்தகச் சொல். பட்டனில் எப்படி எழுதுகிறோமோ அப்படியேதான் போன் வாசிக்கும். ‘வேணும்’, ‘பசிக்குது’, ‘போலாம்’ என்று போட்டால் வீட்டுப் பேச்சு மாதிரியே வரும். அதே மாதிரி மரியாதையும். எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியை ‘வா’ என்று கூப்பிட்டால் ஒரு மாதிரி இருக்கும். ‘வா’ ஒன்று, ‘வாங்க’ ஒன்று என்று வைத்தேன். எதை யாருக்குச் சொல்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவன் அத்தனை வருடம் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறான். ஒரே வாரத்தில் தாத்தாவுக்கு ‘வாங்க’, தங்கைக்கு ‘வா’ என்று சரியாக அழுத்தினான்.

குரல் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிறைய ஆப்களுக்குச் சொந்தக் குரல் கிடையாது, போனில் இருக்கும் குரலைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடினால் கூகுளின் குரல் வரும், அதில் தமிழ்க் குரலை டவுன்லோட் செய்து வைத்துவிட வேண்டும். ஐபோன், ஐபேடிலும் இப்போது தமிழ்க் குரல் உண்டு. இதைச் செய்யாமல் விட்டு, ‘ஆப் பேசவே இல்லைங்க’ என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அப்புறம் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். நெட் இல்லாமல் பேசாத ஆப், ரயிலில் பேசாது, ஆஸ்பத்திரியின் உள்ளறையில் பேசாது. பிள்ளைக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கும்.

தமிழ் எழுத்தால் வரும் ஒரு சிக்கலும் உண்டு. பால், பஸ் இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘ப’. நாம் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவோம், மெஷின் சில சமயம் படிக்காது. ஆட்கள் பெயர், பிஸ்கட் பெயர் எல்லாம் விசித்திரமாக வரும். எழுத்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பேன், சரியாகவில்லை என்றால் குரலைப் பதிவு செய்துவிடுவேன். பதிவு செய்ய வழி இருக்கும் ஆப்பாகப் பாருங்கள், மிகவும் உதவும். என் நாத்தனார் மகனுக்கும் இவனுக்கும் ஒரே வயது, ஐம்பது அறுபது சொல்லை அவன் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறோம். போனில் வரும் தமிழ்க் குரல்கள் பெரியவர்கள் குரல். என் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது ஒரு பையன் குரலில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

இப்போது பெயர்கள். ஆவாஸ் சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் தொடங்கியது, கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கினார்கள். முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு ஆப் ஆனது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இருக்கிறது, பக்கங்களை நாமே மாற்றலாம். பணம் கட்ட வேண்டும், ஆனால் சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். ஜெல்லோ ஐ.ஐ.டி. பாம்பேயில் செய்தது, இலவசம். ஒரு படத்தைத் தொட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் பட்டனைத் தொட்டால் பிடிக்கும், பிடிக்காது, இன்னும் வேண்டும் என்ற மாதிரி வாக்கியமாகச் சொல்லும். படங்களும் நம் ஊர் வீடு, நம் ஊர் சாப்பாடு. சீபோர்டு என்று ஒன்று, அதுவும் இலவசம், கம்ப்யூட்டரிலும் திறக்கும், வெறும் பலகையிலிருந்து நாமே கட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் ப்ரோலோகோ2கோ நல்லது என்பார்கள். நல்லதுதான், ஆனால் ஐபேட், ஐபோன் மாதிரி ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான், விலையும் அதிகம், தமிழ் கிடையாது. படம் போதவில்லை என்றால் ஸ்பெயினில் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சொந்த உபயோகத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். பொங்கல் பானை, குக்கர், எங்கள் தெரு பிள்ளையார் கோயில் எல்லாம் நானே போட்டோ எடுத்துப் போட்டேன்.

இதில் எதை எடுத்தாலும் சரி, எடுத்த பிறகு இடத்தை மாற்றாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தீபாவளி லீவில் பக்கத்தை அழகாக்குகிறேன் என்று, உணவு எல்லாம் ஒரு வரிசை, செயல் எல்லாம் ஒரு வரிசை என்று அடுக்கினேன். மறுநாள் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வலது மூலையை அழுத்தினான். அங்கே முன்பு ‘வேணாம்’ இருந்தது, இப்போது ‘ஜூஸ்’. ஜூஸ் கொடுத்தேன். மறுபடி அதே மூலை, மறுபடி ஜூஸ். மூன்றாவது தடவை டம்ளர் சுவரில் போய் விழுந்தது. இருட்டில் நம் வீட்டு சுவிட்சைக் கை தானாகத் தேடிப் போகிறதே, அந்த மாதிரி அவன் கை சொல் இருக்கும் இடத்தை நினைவு வைத்திருந்திருக்கிறது. படத்தைப் பார்த்து அழுத்துகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்றே பழையபடி மாற்றினேன். இப்போது புதுச்சொல் வந்தால் காலியாக விட்ட இடத்தில்தான் போடுவேன். அதனால் முதலிலேயே பெரிய பலகையாக, நாற்பது பட்டன் அளவில் எடுத்துக்கொண்டு, தெரியாததை எல்லாம் மறைத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது. நான்கு பெரிய பட்டனில் ஆரம்பித்து, பிறகு எட்டு, பதினாறு என்று போனால் ஒவ்வொரு தடவையும் எல்லாம் இடம் மாறிவிடும். வாரா வாரம் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், போன் விழுந்து உடைந்தால் அவன் மொழியும் சேர்ந்து போய்விடக் கூடாது.

போன் அவனுக்கென்று தனியாக இருக்க வேண்டும். என் கணவரின் பழைய போனைத்தான் கொடுத்தோம், சிம் எடுத்துவிட்டு, யூடியூபை முடக்கிவிட்டு. கார்ட்டூன் வரும் போனிலேயே பேச்சும் இருந்தால் பிள்ளை கார்ட்டூனைத்தான் தேடும், அது அவன் குற்றம் இல்லை. ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’ என்றும் ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ என்றும் இருக்கிறது, அதைப் போட்டால் அந்த ஆப்பை விட்டு வெளியே சுலபமாகப் போக முடியாது. டேப்லெட் பெரிதாக இருக்கும், விரல் சரியாகப் படாத பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. எங்களுக்குக் கடைக்கும் கோயிலுக்கும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி வேண்டியிருந்தது, அதனால் போன். பஸ்ஸில் சத்தம் கேட்காது, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பட்டையில் மாட்டியிருக்கிறோம். குளிக்கும்போது, சார்ஜ் போனபோது, ஆற்றங்கரையில், முதல் பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்து லேமினேட் செய்த அட்டைதான். பை ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தண்டனையாகப் போனைப் பிடுங்காதீர்கள். சேட்டை செய்தான் என்று பேசும் பிள்ளையின் வாயை நாம் கட்டி வைப்பதில்லை.

போட்டுக் கொடுத்ததும் பேசிவிடுவான் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முதல் ஏழு வாரம் அவன் ஒன்றுமே அழுத்தவில்லை, நாங்கள்தான் அழுத்தினோம். “சாப்பிடலாமா” என்று வாயால் கேட்டுக்கொண்டே ‘சாப்பிடு’ பட்டனைத் தொடுவது, பால் பொங்கினால் ‘ஐயோ’ தொடுவது, எனக்கு அலுப்பாக இருந்தால் ‘எனக்கு’ ‘முடியல’ தொடுவது. அவன் பார்க்கிறானா என்று கவலைப்படாமல் செய்ய வேண்டும். கைக்குழந்தையிடம் ஒரு வருடம் பேசுகிறோமே, பதிலா எதிர்பார்க்கிறோம்? “எங்க, ஆப்பிள் காட்டு, யானை காட்டு” என்று பரீட்சை வைக்கவே கூடாது. கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும், இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவன் கையைப் பிடித்து நாமே அழுத்த வைப்பதும் கூடாது, அப்படி வருவது நம் பேச்சு, அவன் பேச்சாகாது. வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால் சென்னைப் பக்கம் இருப்பவர்கள் வித்யாசாகரிலோ முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனத்திலோ கேட்கலாம்.

பள்ளியில் போன் அனுமதி இல்லை என்றார்கள். விதி எல்லோருக்கும் பொது என்றார்கள். நான் சண்டை போடவில்லை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் இருக்கும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே தெரபிஸ்ட்டிடம் ஒரு கடிதம், சிம் இல்லை, கேமரா மறைக்கப்பட்டது என்று நான் எழுதிய ஒரு கடிதம். இரண்டு வாரத்தில் சம்மதித்தார்கள். அங்கே ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள், அதே இடங்களில் ஆங்கிலச் சொல் வருகிற மாதிரி இன்னொரு பலகை செய்து கொடுத்தேன். இரண்டு மொழி குழப்பும் என்று பயமுறுத்துவார்கள். அவன் குழம்பவில்லை. பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் தமிழ்ப் பலகைக்கு அவனே மாற்றிக்கொள்கிறான்.

‘மாட்டேன்’ கதைக்கு வருகிறேன். நான்கு வருடம் அதைப் போடாமல் இருந்தேன். போட்டால் எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்பான், வேலை நடக்காது என்ற பயம். இந்த ஜூன் மாதம் அவன் தங்கை, ஐந்து வயது, குளிக்க மாட்டேன், தலை பின்ன மாட்டேன், போக மாட்டேன் என்று காலை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாங்களும் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அவன் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே ‘வேணாம்’ பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் ‘மாட்டேன்’ போட்டேன்.

முதல் நாள் முப்பது நாற்பது தடவை அழுத்தியிருப்பான். சில சமயம் ஒத்துக்கொண்டேன், சில சமயம் “மாத்திர கண்டிப்பா போடணும் கண்ணா” என்று சொல்லிப் போட்டேன். ஒரு வாரத்தில் குறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூப்பிட்டேன். ‘மாட்டேன்’ என்றான். “எண்ணெய் காய்ஞ்சிட்டு இருக்கு, வாடா” என்றேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்தான். நான் அவனைக் காத்திருக்கச் சொல்வதற்காகவே போட்டு வைத்திருந்த பட்டன் ஒன்று உண்டு, நான்கு வருடமாக அதை அழுத்தியது நான் மட்டும்தான். அதை அவன் முதல் தடவையாக அழுத்தினான்.

‘அப்புறம்.’

சரி என்று கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன்.